பதினான்காம் கேள்வி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்பால் சௌக்கியம், என் இடது மணிக்கட்டில் கட்டுப் பிரித்தாயிற்று, அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, உன் அக்காவும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள், குழந்தைக்கு மேலே இரண்டு பல் வந்திருக்கிறது. அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, கொஞ்சமாவது மனசாட்சியோடு இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். தினம் போனில் முகம் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ சிரித்து மழுப்புகிறாய், மூன்றாவது வாக்கியத்தில் சிக்னல் இல்லை என்கிறாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், குறுக்கே பேசவும் முடியாது. உட்கார்ந்து படி.

என் முன்னால் சாப்பாட்டு மேஜையில் இன்சூரன்ஸ் க்ளைம் படிவம் கிடக்கிறது. நாளை மறுநாள் கொடுக்கக் கடைசி நாள். கம்பெனி அனுப்பின சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்து, கொடுக்கலாம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். பாலிசி என் பேரில் இருப்பதால் என் பதில்களும் கையெழுத்தும் மட்டும்தான் பாக்கி. பதின்மூன்று கேள்விக்கு எழுதிவிட்டேன். பதினான்காவதில் பேனா நான்கு நாளாக நிற்கிறது. தயாரிப்பாளர் அமைத்ததிலிருந்து எஞ்சினிலோ வேறு பாகத்திலோ ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டுள்ளதா, என்பதுதான் கேள்வி. இல்லை என்று எழுதினால் வண்டியைச் சரிபண்ணித் தருவார்கள், எதிர்க்கடைக் கண்ணாடிக்கும் கொடுத்துவிடுவார்கள், ஆனால் ஓட்டியவரின் கால் வழுக்கியதால் விபத்து என்று உன் அப்பாவின் பேரில் நிரந்தரமாக ஏறிவிடும். ஆமாம் என்று எழுதினால் அப்பா மேல் பழி இல்லை, ஆனால் நம் வண்டிக்கு ஒன்றும் கிடையாது, கடைக்காரருக்குக் கொடுத்ததையும் நம்மிடம் திருப்பி வசூல் பண்ணுவார்கள். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று புரிகிறதா? ஆமாம்டா, எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஆயில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய், உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் அந்தக் குண்டூசியிடம் எஞ்சினை ட்யூன் பண்ணிக்கொண்டு வந்தாய். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளைம் மேஜையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள் பெற்ற பிள்ளை நீ. வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா?

எப்படித் தெரிந்தது என்று கேள். வண்டி நிற்கிற பட்டறையை நடத்துகிற அம்மாள் நான்கு நாள் முன்னால் கூப்பிட்டாள். இந்த விவகாரம் முழுவதிலும் மரியாதைக்குரிய ஆள் என்று நான் பார்த்தது அவள் ஒருத்திதான். கையெல்லாம் கிரீஸ், வாயில் ஒரு வார்த்தை அதிகமாக வராது. முன்பக்கம் பிரித்து வைத்திருக்கிறாள், எஞ்சினுக்கு ஒரு மெஷினை மாட்டியிருக்கிறாள், ரொம்பச் சாதாரணமாக என்னிடம் கேட்டாள், "ட்யூன் பண்ணினதையே விட்டுடட்டுமா, இல்ல பழையபடி கம்பெனி செட்டிங் போட்டுடட்டுமா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ட்யூன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். டீசல் எஞ்சினுக்குள் எவ்வளவு டீசல் போகவேண்டும், காற்றை ஊதித் தள்ளுகிற டர்போ எப்போது முழிக்கவேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்கிறதாம். அதில் இருந்ததை யாரோ அழித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறார்களாம். டீசல் அதிகம், டர்போ சீக்கிரம், எல்லாவற்றுக்கும் மேலே ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்தால் முழுசாக மிதித்ததாக எடுத்துக்கொள் என்று எஞ்சினுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களாம். தேதியும் அதிலேயே இருந்தது. நீ ஆயில் மாற்றப் போன தேதி. அவள் கடைசியாக, இன்சூரன்ஸுக்குத் தெரியப்படுத்தியாச்சா என்றாள். நான் கைப்பையை இழுத்து மூடினேன். அவங்க என்னைக் கேக்கலை, கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

அங்கிருந்து நேரே உன் குண்டூசியின் கடைக்குப் போனேன். கடையாம் கடை. நான்கு பக்கமும் ஓட்டப்பந்தய வண்டிகளின் படம், நீல விளக்கு, உட்கார ஒரு நாற்காலி, அதுவும் எந்த வண்டியிலிருந்தோ பிடுங்கியது. ஒரு ஸ்பேனர் கிடையாது, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. மடியில் ஒரு லேப்டாப், அதை வைத்துக்கொண்டு தன்னை எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்கிறான். எட்டாம் வகுப்பில் உன் கணக்கைப் பார்த்து எழுதி, உன் தப்பையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொண்ட பயல்தானே இவன்? என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஆன்ட்டி, வண்டி இப்ப எப்படிப் பறக்குது பாத்தீங்களா என்றான். பார்த்தேனப்பா, உள்ளே உட்கார்ந்தே பார்த்தேன் என்று கையைக் காட்டினேன். கண்ணாடிக் கடைக்குள் போன கதையைச் சொன்னேன். கொஞ்சம் வெளிறினான், ஆனால் ஒரு நிமிஷம்தான். உடனே, ஸ்டேஜ் ஒன்னு, முதல் படிதான் ஆன்ட்டி, எல்லாரும் பண்ணிக்கிறதுதான், மைலேஜும் கூடும் என்று ஆரம்பித்தான். ஏண்டா, வண்டியில் எதையாவது மாற்றினால் இன்சூரன்ஸ்காரனிடம் முதலில் சொல்லவேண்டும், அவன் சம்மதித்து பிரீமியத்தைக் கூட்டினால் கட்டவேண்டும், சொல்லாவிட்டால் பாலிசி வெறும் காகிதம், இதையெல்லாம் வருகிறவர்களிடம் சொல்வாயா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அதெல்லாம் யாரு ஆன்ட்டி கண்டுபிடிக்கப் போறா?" முப்பத்தோரு வருஷம் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுத அத்தனை பேரும் ஒரு காலத்தில் சொன்ன வாக்கியம் இது. சொன்னவர்கள் ஒருவரும் முட்டாள் மாதிரி இருந்ததில்லை, இவன் மாதிரி நன்றாகத் தலை வாரியிருந்தார்கள். கிளம்பும்போது பின்னாலேயே ஓடிவந்தான். மன்னிப்புக் கேட்க வருகிறான் என்று நின்றேன். கடைக்கு நெட்டில் ஐந்து ஸ்டார் போடச் சொல்கிறான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அவனே படிக்கட்டில் இரண்டு படி பின்வாங்கிவிட்டான்.

சர்வேயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. பையனுக்கு வண்டிக்குள் குனிந்தால் சட்டை கசங்கிவிடும் போல. போனை நீட்டிப் பன்னிரண்டு போட்டோ எடுத்தான், அதில் நான்கில் அவன் கட்டைவிரல். எந்த கியர், எவ்வளவு தூரம் பாய்ந்தது, டயர் தேய்ந்த தடம் எங்கே ஆரம்பிக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் வயசைக் கேட்டான், அறுபத்தெட்டு என்றதும் ஓஹோ என்று தலையாட்டி எழுதிக்கொண்டான். ஓஹோவாம். என் காலத்தில் இந்த மாதிரி ஒரு ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் குளிப்பாட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். என்னை ஆபீசில் சிவப்பு மை என்றே கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். இந்தப் பதினான்காம் கேள்வி முன்பு ஒன்பதாம் கேள்வியின் வாலில் பொடி எழுத்தில் ஒளிந்துகொண்டிருந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று வருகிறவர்களெல்லாம் சொல்கிறார்கள் என்று மேலிடத்துக்கு மூன்று தடவை எழுதி, அதைத் தனி வரியில், தனி எண்ணில் போட வைத்தவள் நான். நான் தனியாகப் பிரித்த வரி இன்று என் மேஜை மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போனில் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அல்லது நீ அரைகுறையாகத்தான் கேட்டுக்கொண்டாய். நம் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து வண்டி ஏறுகிற சரிவு எவ்வளவு செங்குத்து என்று உனக்குத் தெரியும். மேலே ஏறியதும் உடனே தெரு, தெருவுக்கு அந்தப்பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை. ஒன்பது வருஷமாக அப்பா அந்த மேட்டை ஒரே மாதிரிதான் ஏற்றுவார். நம் வண்டியின் எஞ்சின் சோம்பேறி, மிதித்தால் உடனே வராது, கொஞ்ச நேரம் யோசிக்கும். அதனால் அவர் கீழேயே ஆக்சிலேட்டரை ஆழமாக மிதித்துவிடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன், மூன்று சொல்வதற்குள் டர்போ முழித்துக்கொண்டு வண்டி ஏறும், ஏறிய உடனே காலை எடுத்துவிடுவார். இது எங்கள் இரண்டு பேருக்கும் பழகிப்போன விளையாட்டு. உன்னை ஏர்போர்ட்டில் விடப் போன அன்றைக்கு மேட்டில் வண்டியை ஏற்றினது நீ, திரும்பும்போது அப்பா மெயின் ரோட்டில் நேரே வந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, வண்டி லேசாகப் போகிறதே, பிள்ளை ஆயில் மாற்றினது நல்லதாகப் போயிற்று என்று உன்னை மெச்சிக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் காலை, கடைகள் திறப்பதற்கு முன்னால், நான் பல் டாக்டரிடம் போகவேண்டும் என்று கிளம்பினோம். அவர் எப்போதும்போல் மிதித்தார். நான் ஒன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவ்வளவுதான். மேடும் தெரியவில்லை தெருவும் தெரியவில்லை, கண்ணைத் திறந்தபோது எங்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடியாக இருந்தது. என் மடியில் ஏழெட்டு ஃபிரேம். தெருவில் யாரும் வரவில்லை, கடைக்குள் யாரும் இல்லை, என் மணிக்கட்டோடு போயிற்று. பத்து நிமிஷம் பிந்தியிருந்தால் அந்தக் கடைப்பெண் வாசலைக் கூட்டிக்கொண்டிருப்பாள். இதை நீ தனியாக உட்கார்ந்து ஒரு தடவை யோசித்துப் பார். நான் தினம் யோசிக்கிறேன்.

அப்புறம் ஆரம்பித்தது அப்பாவின் மரியாதை போன கதை. கண்ணாடிக் கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள் ஐயா, காசு வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மாடிவீட்டு வாத்தியார் தன் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்றார். உன் அக்கா வந்து சோபாவில் உட்கார்ந்து, அப்பாவை வைத்துக்கொண்டே அப்பாவைப் பற்றி என்னிடம் பேசினாள். நீ வீடியோவில் வந்து என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா, சாவியை வாங்கி வெச்சுடு." அதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டாய். சர்வேயர் வந்தாச்சா என்றாய். வண்டிக்கு மெஷின் எதுவும் மாட்டிப் பார்த்தார்களா என்றாய். அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்பது மூன்றாவதாகத்தான் வந்தது. வேறு எவனாவது என் மேஜை முன்னால் உட்கார்ந்து அந்த வரிசையில் கேட்டிருந்தால் ஃபைலை அப்போதே மூடி வைத்திருப்பேன். பெற்ற பிள்ளை கேட்டதால், பாவம், வண்டியைப் பற்றிக்கூட எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். என் மூக்கை அறுத்துத்தான் போடவேண்டும்.

நீ தெரிந்தே சொன்னாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ட்யூன் பண்ணினது தப்பு, சொல்லாமல் பண்ணினது பெரிய தப்பு, அதையெல்லாம் இளரத்தம் என்று விட்டுவிடலாம், முப்பத்து நான்கு வயசில் எங்கே இளரத்தம் என்பது வேறு விஷயம். ஆனால் காரணம் என்ன என்று மனசுக்குள் தெரிந்துகொண்டே, கிழவனுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாயே, அது என்ன ஜென்மம்? யாரைச் சொன்னாய்? முப்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டின மனிதனை. நெரிசலான தெருவில் உயிரைப் பின்னால் வைத்துக்கொண்டு போய், ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட வண்டியில் கீறல் விழாமல் திரும்பி வந்த மனிதனை. ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை ஆனால் ரத்த வங்கியின் வண்டியை எடுத்துக்கொண்டு போவாரே, சம்பளம் இல்லாமல், அந்தச் சட்டையை வெள்ளிக்கிழமையே தேய்த்து மாட்டி வைப்பாரே. விபத்து நடந்த வாரமே அவர்கள் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாக, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்றார்கள். இன்சூரன்ஸில் ஓட்டியவர் தவறு என்று முடிவானால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவோம், விதி அப்படி என்றார்கள். அப்பா சரி சரி என்றார். இப்போதும் வெள்ளிக்கிழமை சட்டையைத் தேய்க்கிறார். சனிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஒரே பக்கத்தை.

நான் மட்டும் என்ன கிழித்தேன் என்று கேட்டுவிடாதே. சாவியை வாங்கித் தையல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினவள் நான்தான். இரண்டு மாதமாகக் குழந்தையைக் கூட்டிப்போகிற மாதிரி அவரைக் கையைப் பிடித்து ரோடு தாண்ட வைக்கிறேன். வழுக்கிவிடப் போகிறது, பார்த்து, பார்த்து என்று குளியலறை வாசலில் நின்று கத்துகிறேன். வாக்குமூலத்தில் அவர், என் ஷூ அடி தேய்ந்துபோயிருந்தது, அதனால்தான் பெடலில் கால் வழுக்கியது என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பழைய ஷூவைக் கொண்டுவந்து காட்டினார். நான் அதைக் குப்பையில் வீசிவிட்டு, அடியில் பல் பல்லாக இருக்கிற ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து, இதைத்தான் போடவேண்டும் என்று சட்டம் போட்டேன். அதைப் போட்டுக்கொண்டு டக் டக் என்று நடக்கிறார், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்தால் எனக்கும் உனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். பட்டறையிலிருந்து வந்த நாளிலிருந்து இல்லை என்று எழுதிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அந்த அம்மாள் பழைய செட்டிங்கைப் போட்டுவிட்டால் தடயமும் இல்லை. அவருக்கு எப்படியும் அறுபத்தெட்டு வயசு, இனிமேல் ஓட்டி என்ன ஆகப்போகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். குண்டூசியின் வாக்கியம் என் வாயிலும் வந்துவிட்டது பார். பெட்ரோல் வண்டியில் கேஸ் சிலிண்டர் மாட்டினதைச் சொல்லவில்லை என்று ஒரு டாக்சிக்காரனின் க்ளைமை நான் நிராகரித்தபோது, நாலு நாள் வந்து என் மேஜை முன்னால் நின்றான். விதியைத் தவிர நான் அவனிடம் வேறு எதுவும் பேசவில்லை. அவனுக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயமா? காபி வைத்துவிட்டு வருகிறேன்.

மேலே எழுதியது காலையில். இப்போது மதியம் சாப்பிட்டாயிற்று. அதையெல்லாம் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன், வேண்டாம், உனக்கு அதுவும் வேண்டும், படித்துக்கொள்.

காபி வைக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்த ஷூ. விபத்து நடந்த அன்று காலை அப்பா கதவுப்பக்க ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார், நான் நேரமாச்சு நேரமாச்சு என்று கத்திக்கொண்டு நின்றேன். அவர் மாட்டிக்கொண்டிருந்தது நீ வாங்கிவந்த புது ஷூ. பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்று நீ போன நாளிலிருந்து அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார், லேஸ் புதுசு, முடிச்சு நிற்கவில்லை, இரண்டு தடவை கட்டினார். அதன் அடி ஒரு மயிரிழைகூடத் தேயவில்லை. இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தவள் நான். மூவாயிரம் பொய்யைப் படிவத்தில் கண்டுபிடித்த மகராசி, கட்டின புருஷன் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

அவர் நடந்துவிட்டு வந்தார். உட்கார வைத்தேன். ஆபீசில் கேட்கிற மாதிரியே கேட்டேன், அன்றைக்கு எந்த ஷூ போட்டிருந்தீர்கள் என்று. அவர் மேஜையில் கிடந்த படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெரிஞ்சுபோச்சா என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவருக்குக் கடைக்குள் கண்ணாடி விழுந்துகொண்டிருக்கும்போதே தெரியுமாம். நான் மிதிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு, நம்ம வண்டி அப்படிப் போற வண்டி இல்ல என்றார். கிளம்புகிற அன்று நீ சாவியைக் கையில் கொடுத்து, இனிமே மேட்டுல உங்களுக்குக் கஷ்டம் இருக்காதுப்பா என்று சொன்னாயாம், அப்போது புரியவில்லையாம், கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும்போது புரிந்ததாம். மேட்டில் நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை செய்திருக்கிறான், ஆசையாய்ச் செய்தது என்றார். ஆசையாய்ச் செய்கிறவன் சொல்லிவிட்டுச் செய்யவேண்டியதுதானே என்று நான் ஆரம்பித்தேன். அப்புறம், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, உங்களை ஊரே கிழவன் என்கிறது, ரத்த வங்கி போய்விட்டது, நான் இரண்டு மாதமாக வாய்க்கு வந்தபடி பேசுகிறேன், எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். க்ளைம் போய்விடும் என்று பயந்தீர்களா என்றும் கேட்டேன்.

அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "காசு போனா போகுது. நான் தப்பு பண்ணினா நீ திட்டுவே, திட்டிட்டுக் கையைப் பிடிச்சு ரோடு தாண்ட வைப்பே. அவன் பண்ணினான்னு தெரிஞ்சா அவனோட பேச்சையே நிறுத்திடுவே. தூரத்துல இருக்கிறவனுக்கு அது தாங்காது."

எழுந்து போய் சிங்க்கில் கழுவின டம்ளரையே மறுபடி கழுவினேன். அந்த மனிதன் சொன்னது பொய் இல்லை. ஒரு மனஸ்தாபத்தில் உன் சித்தியோடு பதினோரு வருஷம் நான் பேசவில்லை, அவர் பார்த்திருக்கிறார். காலையில் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதமாக இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். உங்கள் எல்லாரையும், சர்வேயரை, குண்டூசியை, உன்னை, மட்டமாகப் பார்த்துக்கொண்டே நான் மட்டும் நேரானவள் என்று உட்கார்ந்திருந்தேன். என் வாய்க்குப் பயந்து ஒரு மனிதன் தன் காலையே விட்டுக்கொடுத்திருக்கிறான். அதைவிடக் கேவலம் எனக்கு வேறு என்ன வேண்டும்?

பதினான்காம் கேள்விக்கு ஆமாம் என்று எழுதிவிட்டேன். நீல மையில்தான் எழுதினேன். கூடவே ஒரு தனித்தாளில், எஞ்சின் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்யப்பட்டது, ஓட்டியவருக்கோ எனக்கோ தெரியாது, செய்வித்தவன் என் மகன் என்று தேதியோடு எழுதி, மெஷினில் பார்த்ததைப் பட்டறை அம்மாள் அச்சடித்துக் கொடுத்த தாளையும் சேர்த்து வைத்தேன். அதில் ஒரு நகல் ரத்த வங்கிக்கும் போகிறது. நிராகரிப்புக் கடிதம் பதினைந்து நாளில் வரும், அதில் என்ன வாசகம் இருக்கும் என்று எனக்கு மனப்பாடம், நான் எழுதின வாசகம்தான். கடைக்காரரின் கண்ணாடிக்கு ஆகிறதை நீ அனுப்பு, அவரைப் போனில் நீயே கூப்பிட்டுப் பேசு, பேரம் பேசாதே. எஞ்சினில் பழைய செட்டிங்கையே போடச் சொல்லிவிட்டேன். அப்பா சாவியைக் கேட்கவில்லை, நானே தையல் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டிதான் இல்லையே என்றார். பல் பல்லாக இருக்கிற அந்த ஷூவைக் கழற்றி ஒரு மூலையில் வைத்தார். நான் போட்ட சட்டம் அதோடு போயிற்று.

உன் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை, சீக்கிரம் போகவும் போகாது. ஆனால் பேச்சை நிறுத்தப்போவதில்லை. திட்டவேண்டியது எக்கச்சக்கம் இருக்கிறது, பேசாமல் இருந்தால் எப்படித் திட்டுவது? அங்கே நீ ஓட்டுகிற வண்டியிலும் அந்த மாதிரி ஏதாவது பண்ணி வைத்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் உன் இன்சூரன்ஸ்காரனுக்கு எழுது. சம்மதித்தால் கூடுதல் பிரீமியம் கட்டு, மாட்டேன் என்றால் பழையபடி மாற்று. குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. கடையில் வாங்கியே சாப்பிடாதே.

நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு இருக்கவேண்டும் என்று எப்போதும் நினைக்கிறோம், திட்டும்போதும் அதையேதான் நினைக்கிறோம். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. வருகிற சனிக்கிழமை காலை, அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருகிற நேரத்துக்கு, என் போனுக்கு இல்லை, அவர் போனுக்குக் கூப்பிடு. மன்னிப்பு, விளக்கம், அழுகை எதுவும் வேண்டாம், அவருக்கு அதெல்லாம் கூச்சம். "அப்பா, உங்க கால் வழுக்கலை" என்று மட்டும் உன் வாயால் சொல். அதை இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான்கூட இன்று சொல்லவில்லை, வாய் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா